அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து கலந்தாய்வு வரை: ஒரு மாணவியின் பொறியியல் சேர்க்கை வாய்ப்பை மதிப்பிட்ட விதம்

2025 ஜனவரி இரண்டாம் வாரத்தில், அருப்புக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவர் தம் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களை எழுதிய ஒரு தாள் இருந்தது. "சார், கிண்டியில கிடைக்குமான்னு மட்டும் சொல்லுங்க. கிடைக்காதுன்னா இப்பவே மனசத் தேத்திக்கிறோம்" என்றார் தந்தை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். சில ஆண்டுகளாகப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் எழுதித் தரும் விருப்பப் பதிவில் உதவி வருகிறேன். கிடைக்குமா, கிடைக்காதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக் கூடாது என்பதை இந்தப் பெண்ணின் நிகழ்வு எனக்கு மறுபடியும் உணர்த்தியது. அந்தக் குடும்பத்தின் இசைவோடு, அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் குறைத்து, ஜனவரியிலிருந்து ஜூலை வரை நடந்ததை எழுதுகிறேன்.

மதிப்பெண் சொன்னது

தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007-08 கல்வியாண்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கையை முடிவு செய்கிறது. கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் வருகிறது. அரையாண்டில் அவளுடைய மதிப்பெண்கள் கணிதம் 88, இயற்பியல் 80, வேதியியல் 85. ஆகவே கட்-ஆஃப் 88 + 40 + 42.5 = 170.5.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியலோ, மின்னணு மற்றும் தொடர்பியலோ வேண்டுமென்றால் 170.5 போதாது. அந்த இடங்கள் 200-ஐ ஒட்டிய மதிப்பெண்களிலேயே முடிந்துவிடும். ஆனால் அரையாண்டு மதிப்பெண்ணைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. பல பள்ளிகளில் அரையாண்டுக்குள் பாடங்கள் முழுவதுமாக முடிந்திருப்பதில்லை, திருப்புதல் தேர்வுகளும் அதன் பிறகுதான் வருகின்றன. அதனால் மொத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்தெந்தக் கேள்வியில் எத்தனை மதிப்பெண் போனது என்பதைப் பார்க்க விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொன்னேன்.

கணிதத் தாளில் அவள் இழந்தது 12 மதிப்பெண். அதில் 5, ஒரு மதிப்பெண் வினாக்களில் போயிருந்தது. எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்களுக்குரியது என்பதால், கட்-ஆஃபை உயர்த்த இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. இன்னொரு 3, இரு பரிமாணப் பகுமுறை வடிவியலில் ஒரு நீள்வட்டக் கணக்கில் போயிருந்தது. படத்தைத் துல்லியமாக வரைந்து, சமன்பாட்டையும் சரியாக அமைத்துவிட்டு, கடைசி வரிக்கு முந்தைய வரியில் ஒரு குறியை மாற்றி எழுதியிருந்தாள். மீதி 4, கலப்பெண்களில் இரண்டு கணக்குகளைப் பாதியில் விட்டதால் போனது. பாடம் புரியாமல் விட்ட கேள்வி ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. 88 வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி இரண்டு பாடங்களையே தொடாதவளாக இருப்பாள், இன்னொருத்தி எல்லாவற்றையும் தொட்டு ஆங்காங்கே சிந்தியவளாக இருப்பாள். இவள் இரண்டாவது வகை. மார்ச் மாதத்துக்குள் ஏறக்கூடியவள் இப்படிப்பட்டவள்தான்.

இயற்பியலின் நிலை வேறு. அங்கே எழுத்துத் தேர்வு 70-க்கு மட்டுமே. மீதி 30 செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் வருகிறது. அந்த 30-ஐ முழுமையாக எடுத்துக்கொண்டுதான் பள்ளியில் 80 போட்டிருந்தார்கள். அப்படியானால் 70-க்கு 50-தான் எழுதியிருந்தாள். கணக்கீட்டு வினாக்களில் அலகுகளை விட்டுவிடுவதும், விளக்கங்களைச் சொந்த வாக்கியத்தில் எழுதி முக்கியச் சொல்லைத் தவறவிடுவதும் காரணங்களாகத் தெரிந்தன. ஆனால் இயற்பியலில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கட்-ஆஃபில் அரை மட்டுமே. கணிதத்தில் கூடும் ஒன்று முழுதாக ஒன்று. கட்-ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் பார்க்கப்படுவது கணித மதிப்பெண்தான். எனவே மீதமிருந்த ஏழு வாரங்களில் நாள்தோறும் காலையில் முதல் ஒரு மணி நேரத்தைக் கணிதத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு ஒதுக்கச் சொன்னேன். எல்லாம் சீராகப் போனால் கட்-ஆஃப் 180-க்கும் 190-க்கும் இடையில் நிற்கும் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன்.

மாற்றுச் சான்றிதழ் சொன்னது

அந்த முதல் நாளில் நாங்கள் எல்லோரும் ஒன்றை உறுதியாக நம்பியிருந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இவளுக்கு உண்டு என்பதே அது. 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு விரிவாக்கப்பட்ட அந்த ஒதுக்கீட்டில் போட்டியிடுவோர் குறைவு. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. பொதுப் பட்டியலில் எட்டாத கல்லூரியும் பிரிவும் இதில் எட்டும் தூரத்துக்கு வரும். கிண்டி என்ற தந்தையின் கேள்வி பிறந்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

இரண்டாம் முறை வந்தபோது, சான்றிதழ்களைச் சரிபார்க்கலாம் என்று எல்லாவற்றையும் கேட்டேன். தாய் ஒரு மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: சாதிச் சான்று, வருமானச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எட்டாம் வகுப்பு முடித்தபோது வாங்கிய மாற்றுச் சான்றிதழ். நான்காக மடித்து மடித்து ஓரம் நைந்திருந்த அந்தச் சான்றிதழின் அடியில் இருந்த முத்திரையில், பள்ளியின் பெயருக்குக் கீழே 'அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி' என்று இருந்தது.

அந்த ஒதுக்கீட்டைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தனியார் நிர்வாகத்தில் அரசு நிதியுதவியோடு நடக்கும் அரசு உதவி பெறும் பள்ளி, அரசுப் பள்ளியாகக் கொள்ளப்படுவதில்லை. அங்கும் கட்டணம் வாங்கவில்லை, மதிய உணவும் இலவசப் பாடநூலும் கிடைத்தன, தெருவில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். ஆகவே தாய் தந்தை இருவருக்கும் இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதே தெரியவில்லை. நானும் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பள்ளி என்றதும் மற்றதை நானாக ஊகித்துக்கொண்டேன்.

"அப்போ நான் கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளை இல்லையா சார்?" என்று கேட்டாள். அதுவரை அவள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. அந்தக் கேள்விக்கு நான் விதியைத்தான் சொல்ல முடிந்தது. அந்த விதியால் விடுபட்டுப்போகும் பிள்ளைகளின் வறுமை, விதிக்குள் வரும் பிள்ளைகளின் வறுமையைவிடக் குறைந்ததில்லை என்பது என் கருத்து. தென் மாவட்டங்களில் உதவி பெறும் நடுநிலைப் பள்ளிகள் நிறைந்த ஊர்களில் இந்த ஏமாற்றம் ஆண்டுதோறும் நிகழ்கிறது. எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளியில் சேர்த்த பெற்றோர், பத்தாண்டு கழித்து அதன் விளைவை அறிகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டினேன். 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் 7.5 சதவீதம் என்பது நான்கரை இடம். அதையும் இன வாரியாகப் பிரித்தால் இவள் சேர்ந்த பிரிவான பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதத்தின்படி ஏறக்குறைய ஓர் இடம்தான் வருகிறது. ஒரே ஓர் இடத்துக்கான கட்-ஆஃப் ஓர் ஆண்டில் இருப்பது போல மறு ஆண்டில் இருப்பதில்லை. சென்ற ஆண்டு அந்த இடம் எவ்வளவுக்குப் போனது என்பதை வைத்து இந்த ஆண்டு உறுதி சொல்வது யாராலும் ஆகாது. பொதுப் பட்டியலில் அதே பிரிவில் பொதுப் போட்டிக்கு 31 சதவீதமும், அதற்கு மேல் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதமும் இருப்பதால், அங்கே மதிப்பீடு ஓரளவு நம்பத்தக்கதாகிறது. கை நழுவியது பெரிய வாய்ப்புதான், ஆனாலும் மீதியிருந்த வாய்ப்பை அளந்து பார்க்க முடிந்தது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகைக்கும் அவளுக்குத் தகுதி இருந்தது. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பட்டம் பெற்றதில்லை.

ஜே.இ.இ. என்னும் அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வு குறித்துத் தந்தை ஒருமுறை கேட்டார். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஏப்ரல் அமர்வுக்கு விண்ணப்பிக்கவும் நேரம் இருந்தது. அதன் வழியே சேரும் திருச்சி என்.ஐ.டி.யில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) பாதி இடங்கள் மாநில மாணவர்களுக்கு உண்டு என்பதும் உண்மை. ஆயினும் இரண்டாண்டுப் பயிற்சியோடு வருபவர்கள் நிறைந்த அந்தத் தேர்வுக்காக, பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரங்களைப் பங்கிடுவது சரியில்லை என்றேன். அவளும் அப்படியே நினைத்தாள்.

தேர்வு முடிவும் தரவரிசையும்

2025 மே 8 அன்று முடிவுகள் வந்தன. கணிதம் 97, இயற்பியல் 91, வேதியியல் 94. கட்-ஆஃப் 97 + 45.5 + 47 = 189.5. கணிதத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபதும் சரி என்று தேர்வு முடிந்த அன்றே சொல்லியிருந்தாள். ஜனவரியில் நான் போட்ட வரம்பின் மேல் எல்லையை ஏறக்குறையத் தொட்டிருந்தாள்.

தந்தை அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். முந்தைய ஆண்டுப் பட்டியலை யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். 189.5-க்கு எந்தெந்தக் கல்லூரி கிடைத்தது என்று அதில் பார்த்துவிட்டு மகிழ்ச்சியில் இருந்தார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தவறான நம்பிக்கைக்கோ தவறான அச்சத்துக்கோ ஆளாகின்றன. 2024-இல் வேதியியலில் 100-க்கு 100 எடுத்தவர்கள் 471 பேர். 2025-இல் அதே பாடத்தில் 3,181 பேர். இயற்பியலில் 633 பேர் 1,125 ஆனார்கள், கணிதத்தில் 2,587 பேர் 3,022 ஆனார்கள். கட்-ஆஃப் 200-க்கு 200 பெற்றவர்கள் 2023-இல் 102, 2024-இல் 65, 2025-இல் 144. தாள்கள் எளிதான ஆண்டில் எல்லோரும் ஏறுகிறார்கள், கல்லூரி இடங்கள் அதே அளவில் ஏறுவதில்லை. 2024-இல் 189.5 பெற்ற பிள்ளைக்கு முன்னால் நின்றவர்களைவிட 2025-இல் கூடுதலான பேர் நிற்பார்கள் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆகவே மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஜூன் 27 அன்று தரவரிசைப் பட்டியல் வரும் வரை காத்திருந்தோம். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பொதுத் தரவரிசையும் இனவாரித் தரவரிசையும் இருக்கும். முந்தைய ஆண்டில் ஒரு கல்லூரியின் ஒரு பிரிவில் பிற்படுத்தப்பட்டோருக்கான கடைசி இடம் எந்த இனவாரித் தரவரிசையில் முடிந்தது என்பதை எடுத்து, அதனோடு இவளுடைய இனவாரித் தரவரிசையை ஒப்பிடுவதே சரியான முறை. அப்படி ஒப்பிட்டபோது, மே மாதத்தில் தந்தை கோடிட்டு வைத்திருந்த பிரிவுகளில் சில கைக்கு எட்டாதவையாயின. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் மின்னணு மற்றும் தொடர்பியல் அவற்றில் ஒன்று. அது கிடைக்கலாம் என்று ஜனவரியில் நானே எழுதி வைத்திருந்தேன்.

189.5 போன்ற இடங்களில் அரை மதிப்பெண் இடைவெளிக்குள் நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நிற்பார்கள். கணிதம் 94, இயற்பியல் 96, வேதியியல் 95 பெற்றவருக்கும் இதே 189.5-தான் வரும். ஆனால் கணிதத்தில் 97 பெற்ற இவள் அவருக்கு முன்னால் நிற்பாள். காலையில் கணிதத்துக்குக் கொடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பலன் இங்கேயும் கிடைத்தது.

விருப்பப் பட்டியல்

ஜூலையில் பொதுப் பிரிவுக் கலந்தாய்வின் முதல் சுற்றிலேயே அவளுக்கு வாய்ப்பு வந்தது. விருப்பப் பதிவுக்கு முந்தைய மாலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பக்கத்துக் கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சற்று உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவள் 14 விருப்பங்களை எழுதி வைத்திருந்தாள். முதல் வரியில் இருந்தது அருகிலுள்ள ஒரு தனியார் சுயநிதிக் கல்லூரியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் மின் மற்றும் மின்னணுவியல் ஆறாவது வரியில் இருந்தது. கிண்டி பட்டியலிலேயே இல்லை.

"ஏம்மா இதை முதல்ல போட்டிருக்க?" என்று கேட்டேன். "இது உறுதியா கிடைக்கும்னு பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்னாங்க சார். கிடைக்காததை மேல போட்டா சாய்ஸ் வீணாயிரும்னாங்க."

அந்த அண்ணன் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் இடம் ஒதுக்கப்படும் முறை அதற்கு நேர் எதிரானது. கணினி, தரவரிசையில் முன்னால் இருப்பவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வரும். முதல் வரியில் இடமில்லை என்றால் இரண்டாவது, அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், அதற்குக் கீழே இருப்பதை ஏறெடுத்தும் பாராது. எட்டாத ஒன்றை மேலே எழுதுவதால் கீழே எழுதியவற்றுக்கான வாய்ப்பு கடுகளவும் குறையாது. ஆனால் எளிதில் கிடைப்பதை முதல் வரியில் எழுதினால் அது கிடைத்தே தீரும். ஆறாவது வரியில் இருக்கும் தியாகராசர் கல்லூரியை அவளுக்காக யாரும் பார்க்கப்போவதில்லை. அந்தப் பட்டியலை அப்படியே பதிவு செய்திருந்தால், 189.5 எடுத்த பெண் அதைவிடப் பல மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் கிடைக்கும் இடத்தில் சேர்ந்திருப்பாள்.

அந்த நோட்டிலேயே புதிதாக எழுதத் தொடங்கினோம். கல்லூரியின் பெயரைப் பார்க்காமல், எந்தப் பாடத்தை நான்கு ஆண்டு படிக்க விருப்பம் என்று முதலில் கேட்டேன். மின்சாரம் தொடர்பானது என்றாள். தறிக் கொட்டகையில் மோட்டார் எரிந்துபோகும் போதெல்லாம் சரிசெய்ய வரும் ஆளின் பக்கத்தில் நின்று பார்ப்பாளாம். அதனால் கிண்டியின் மின்னணு மற்றும் தொடர்பியலும், மின் மற்றும் மின்னணுவியலும் முதல் இரண்டு வரிகளில் ஏறின. கிடைக்க மாட்டா என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் சொன்னேன். அவற்றைத் தொடர்ந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, தியாகராசர், காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி என்று வரிகள் வளர்ந்தன.

கிண்டியில் 2010 முதல் தமிழ் வழியில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் நடக்கின்றன. முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதால், அரசுப் பொறியாளராக விரும்பும் பிள்ளைக்கு அது மதிப்புள்ள இடம். பலரும் அதைத் தாழ்வாக எண்ணி ஒதுக்குவது எனக்கு வருத்தம் தரும் செய்தி. அவளிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "கட்டடம் எனக்கு வேண்டாம் சார்" என்றாள். அவள் விருப்பத்துக்கு மாறாக வற்புறுத்தவில்லை. அந்த வரிகளைப் பட்டியலின் நடுவில் எழுதச் சம்மதித்தாள்.

ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனியாக இருக்கும். பெயர்கள் ஒன்றுபோலத் தெரியும், கட்டணம் பெரிதும் மாறும். தந்தையின் வருமானத்துக்கு இது முதன்மையான செய்தி என்பதால், ஒவ்வொரு வரியின் குறியீட்டையும் இரண்டு முறை சரிபார்த்தோம். முடிவில் 52 விருப்பங்கள் ஆயின. முதலில் எழுதியிருந்த சுயநிதிக் கல்லூரி 47-ஆவது வரிக்குப் போயிற்று.

தற்காலிக ஒதுக்கீட்டில் காரைக்குடி அரசுக் கல்லூரியின் மின்னணு மற்றும் தொடர்பியல் கிடைத்தது. அது அவளுடைய பட்டியலில் ஒன்பதாவது. அன்று இரவு தந்தை, அரசுக் கல்லூரி, குறைந்த கட்டணம், உறுதி செய்துவிடலாம் என்றார். ஆனால் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பங்களுக்குக் காத்திருக்கும் வசதி உண்டு. மேலே ஏதும் காலியாகவில்லை என்றால் கையில் இருப்பது கைவிட்டுப் போகாது. அதைத் தேர்வு செய்தாள். முன்னால் இருந்த சிலர் இடங்களை விட்டுவிட, அடுத்த ஒதுக்கீட்டில் ஏழாவது விருப்பமான தியாகராசர் கல்லூரியின் உதவி பெறும் மின் மற்றும் மின்னணுவியல் பிரிவுக்கு அவள் நகர்ந்தாள்.

இப்போது அவள் திருப்பரங்குன்றத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்தில் போய்வரலாம் என்று தாய் சொன்னதற்கு, போகவரும் நேரத்தில் பாடம் போய்விடும் என்று மகளே மறுத்துவிட்டாள். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் முதல் பருவத்தில் அவளைத் திணறடித்தன. ஆய்வக அறிக்கை எழுதுவதற்கு முன் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்வதாகப் பொங்கல் விடுமுறையில் வந்தபோது சொன்னாள்.

அந்த வாரமே அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். நான் புதிதாகத் தயாரித்திருந்த விவரத் தாளில், மதிப்பெண் கட்டங்களுக்கு மேலே, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பள்ளி, அது அரசுப் பள்ளியா உதவி பெறும் பள்ளியா என்று எழுத ஏழு வரிகள் சேர்த்திருந்தேன். அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் பிள்ளையின் தாளை நிரப்ப அருகில் உட்கார்ந்துகொண்டாள்.